ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து வந்த பிராட்பேண்ட் பில், கூடவே வக்கீல் நோட்டீஸ்: கட்டிவிடலாமா?

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 2023 மார்ச் 11 அன்று திருப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்தீர்கள். அன்றே கஸ்டமர் கேருக்குப் போன் செய்து பிராட்பேண்ட் இணைப்பை நிறுத்தச் சொன்னீர்கள். மூன்று நாள் கழித்து வந்த பையனிடம் மோடத்தைக் கொடுத்தீர்கள். அவர் ரசீது எதுவும் தரவில்லை. அதன்பின் பில் எதுவும் உங்கள் கைக்கு வரவில்லை. சென்ற வாரம் டெல்லி வக்கீல் ஒருவரின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் ₹4,870 கட்ட வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை என்கிறது. தினமும் ஒருவர் போன் செய்து, வீட்டுக்குப் போலீஸ் வரும் என்கிறார். மாமியார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், "கட்டித் தொலைத்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பணம் உண்மையிலேயே நீங்கள் தர வேண்டியதா? தர வேண்டியதே என்றாலும் இத்தனை காலம் கழித்து கோர்ட் மூலம் வசூலிக்க முடியுமா? கட்டாவிட்டால் உங்களுக்கு என்ன நடக்கும்? பயம் வரும்போது மூன்றாவது கேள்வி முன்னால் வந்து நின்று மற்ற இரண்டையும் மறைத்துவிடும். அதனால் அதையே முதலில் முடித்துவிடுகிறேன்.

நான் கோவையில் 22 வருடமாக சிவில் வக்கீலாக இருக்கிறேன். ஜூனியராக இருந்த முதல் நான்கு வருடம் இப்படிப்பட்ட நோட்டீஸ்களை அனுப்பும் ஆபீஸ் ஒன்றில்தான் வேலை பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து ஒரு எக்செல் பட்டியல் வரும். நோட்டீஸ் வாசகம் எப்போதும் ஒன்றுதான். பெயர், கணக்கு எண், தொகை என்று மூன்று இடம் மட்டும் காலியாக இருக்கும். கம்ப்யூட்டர் அதை நிரப்பித் துப்பிக்கொண்டே இருக்கும், நாங்கள் மடித்துக் கவரில் போடுவோம். இவர் எப்போது இணைப்பை நிறுத்தினார், மோடம் திரும்ப வந்ததா என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இருக்காது. கையெழுத்துப் போட்ட சீனியர் உங்கள் பில்லைப் பார்த்திருக்க மாட்டார். இதை நான் சொல்லக் காரணம், ராத்திரி தூக்கம் கெடும் அளவுக்கு உங்களை யாரோ தனியாகக் குறிவைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அந்தக் கடிதத்தில் உங்கள் கதை எதுவும் இல்லை.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பில் பாக்கி சிவில் தகராறு. மோசடி என்று வழக்குப் போட வேண்டுமானால், இணைப்பு வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். மாதாமாதம் பில் கட்டிவந்த ஒருவர் மேல் அப்படிச் சொல்வதற்கு இடமே இல்லை. உங்கள் நோட்டீஸில் "420" என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடி இப்போது அதில் 318ஆவது பிரிவு. 2023இல் நடந்ததற்குப் பழைய எண்ணைப் போடலாம்தான், ஆனால் எந்த எண் போட்டாலும் பாக்கி மோசடி ஆகிவிடாது. சிவில் கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தே விட்டாலும், பணத்துக்கான டிகிரியை, அதாவது தீர்ப்பாணையை, நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. ஆண்களுக்கும்கூட, வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏமாற்றினால்தான் சிவில் சிறை என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. ஜப்தி என்று வந்தாலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றின் மேல் கை வைக்க முடியாது. 60ஆவது பிரிவு அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. இவ்வளவும் உறுதியான சட்டம். போன் செய்பவர் என்ன தொனியில் பேசினாலும் இது மாறாது.

அடுத்தது பணம். நீங்கள் போட்டோ எடுத்துப் போட்டிருக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மாதம் ₹599, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ₹706.82. மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதத்துக்கு ₹2,120.46. மோடத்துக்கு ₹2,500. தாமதக் கட்டணம் ₹250. மொத்தம் ₹4,870.46. ஆக, நீங்கள் மார்ச் 11 அன்று நிறுத்தச் சொன்னதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஜூன் மாதம்தான் அவர்களாகவே இணைப்பை மூடியிருக்கிறார்கள். மார்ச் மாத பில்லை நீங்கள் கட்டவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் பயன்படுத்திய 11 நாளுக்கு ₹212.55, வரியோடு சுமார் ₹251 வரும். என் கணக்குப்படி உங்கள் பாக்கி அவ்வளவுதான். இந்த ₹251ஐ மறுக்காதீர்கள். தர வேண்டியதைத் தருகிறேன், தர வேண்டாததைத் தர மாட்டேன் என்று நிற்பவரின் பேச்சுக்கு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் மரியாதை உண்டு.

ஆனால் இது நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிப் போட்ட கணக்கு. இணைப்பை மூட 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றோ, அந்த மாத பில் முழுசாகக் கட்ட வேண்டும் என்றோ ஒப்பந்தப் படிவத்தில் ஒரு வரி இருக்கலாம். அந்தப் படிவத்தை நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் ₹251 என்பது ₹707 ஆகலாம். ₹4,870 ஆக வழியில்லை. மோடம் விஷயத்தில்தான் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். கொடுத்ததற்குக் கையில் காகிதம் இல்லை. அந்தப் பையன் வருவதற்கு முன்னால் போன் செய்திருப்பார் அல்லவா? பழைய போனைத் தேடுங்கள். நிறுத்தச் சொன்னபோது கோரிக்கை எண்ணோடு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும், அதையும் தேடுங்கள். நீங்கள் குடிபோன அவிநாசி வீட்டின் வாடகை ஒப்பந்தம், அங்கே புது இணைப்பு வாங்கிய பில் இரண்டையும் எடுத்து வையுங்கள். மார்ச் 11க்குப் பிறகு பழைய வீட்டில் நீங்கள் இல்லை என்பதற்கு அவை சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். நாளைக்குத் தகராறு முற்றினால் அசல் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இப்போது காலம். இதில் நிறைய பேர் இடறுகிறார்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இம்மாதிரிப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் கெடு. அது முடிந்தபின் போட்டால், நீங்கள் சுட்டிக்காட்டாவிட்டாலும் நீதிபதியே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது 3ஆவது பிரிவு. உங்கள் பில்கள் 2023 ஏப்ரல், மே, ஜூன் மாதத் தேதியிட்டவை. அந்த மூன்று வருடம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இத்தனை நாள் தூங்கிய கணக்கு இப்போது எழுந்து வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். கெடு முடியப்போகும் கணக்குகளைத் தனியாகப் பிரித்து வக்கீல் ஆபீஸுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கெடு முடிவதற்குள் "ஆமாம், பாக்கி இருக்கிறது, கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்று நீங்கள் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதற்கு எழுத்தில் அடையாளம் இருந்தாலும் அதே கதைதான். 18, 19ஆவது பிரிவுகள் இவை. கெடு முடிந்தபின் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைச் செல்லும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும். போன் செய்பவர் "மேடம், இப்போதைக்கு 500 ரூபாய் மட்டும் போடுங்க, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இதமாகப் பேசினால் உஷாராக இருங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே சார், கட்டிடறேன்" என்று அனுப்புவதும் வேண்டாம். அது கையெழுத்துக்குச் சமமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. அந்த வாதத்துக்கே நீங்கள் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடாவிட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஊரில் சொல்வது முழு உண்மையில்லை, அப்படித் தானாக ஆகாது. ஆனால் பிற்பாடு வழக்கு என்று வந்தால், "அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒரே ஒரு தெளிவான பதில் அந்தக் கேள்வியை அடைத்துவிடும்.

பதில் போடுவதற்கு முன், நோட்டீஸ் நிஜமானதா என்று பாருங்கள். நோட்டீஸில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்ய வேண்டாம். கம்பெனியின் சொந்த ஆப்பிலோ பழைய பில்லிலோ இருக்கும் நம்பருக்குப் போட்டு, இந்தக் கணக்கில் பாக்கி காட்டுகிறதா, இந்த வக்கீலிடம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் யூபிஐ ஐடிக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் உட்காரவைத்தாலோ அது திருட்டு. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

நிஜம் என்று தெரிந்தால், வக்கீலுக்கும் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. நீளம் வேண்டாம். என்னிடம் வருபவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தங்கள் நோட்டீஸில் கண்ட தொகையை மறுக்கிறேன். 11-3-2023 அன்று, இன்ன கோரிக்கை எண்ணில் இணைப்பைத் துண்டிக்கக் கேட்டேன். 14-3-2023 அன்று தங்கள் ஊழியர் மோடத்தைப் பெற்றுச் சென்றார். அதன்பின் எந்தச் சேவையும் எனக்கு வழங்கப்படவில்லை. என் கணக்குப்படி மார்ச் 1 முதல் 11 வரை பயன்படுத்தியதற்கு ₹251 மட்டுமே தர வேண்டும். திருத்திய பில் வந்தால் அதைச் செலுத்தத் தயார். மீதித் தொகை எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு விவரம், மூன்று பில்களின் நகல், நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை 15 நாளில் அனுப்பவும். இனி எழுத்து மூலமாக மட்டும் தொடர்பு கொள்ளவும்." இதில் நீங்கள் ஒப்புக்கொள்வது ₹251ஐ மட்டும்தான். கெடு புதிதாக ஓடினாலும் அந்தத் தொகைக்கு மட்டுமே ஓடும். திருத்திய பில் வராமல் அந்த ₹251ஐயும் போட்டுவிடாதீர்கள். ₹4,870இல் ஒரு பகுதி கட்டியதாக அவர்கள் வரவு வைத்துக்கொண்டால், பிறகு அதை நேர்செய்வது பெரும்பாடு. தமிழில் எழுதினாலும் தவறில்லை. டெல்லிக்குப் போவது என்பதால் ஆங்கிலத்தில் ஒரு பிரதி சேர்த்தால் அங்கே எடுத்துப் படிப்பார்கள்.

கஸ்டமர் கேரில் தீர்வு கிடைக்காவிட்டால் அதோடு நிற்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் எண்ணைக் காட்டி 30 நாளுக்குள் அவரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், டெல்லி போக வேண்டாம். ஐந்து லட்சத்துக்குக் கீழே கட்டணமும் இல்லை. தொலைபேசி பில் தகராறை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று கம்பெனிகள் வெகுநாள் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு உண்டு. கேட்டு மிரட்டியது இப்போதுதான், அதனால் கெடு இன்றைக்குத் தொடங்குகிறது என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு 2023ஐக் காட்டும். இது ஆணையத்துக்கு ஆணையம் மாறும்.

வேறொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் உங்களுக்குக் கெடுதல் செய்துவிடும். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர், வீடு கட்டிய வகையில் ஒரு ஹார்டுவேர் கடையோடு ₹38,000க்குத் தகராறு. வராத கம்பிக்குப் பில் போட்டிருந்தார்கள். நியாயம் அவர் பக்கம். மூன்று வக்கீல் நோட்டீஸ் வந்தது, கிழித்துப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவதாக வந்ததையும் அதே மாதிரி நினைத்து டிவி ஸ்டாண்டுக்கு அடியில் செருகிவிட்டார். அது முன்சீப் கோர்ட் சம்மன். கோர்ட் ஊழியரான அமீனா வந்து வாசலில் நின்றபோதுதான் என்னிடம் ஓடிவந்தார். காகிதத்தை விரித்துப் பார்த்தால் கோர்ட் முத்திரை, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அவர் இல்லாமலே தீர்ப்பாகி, அதன்படி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுவும் போட்டுவிட்டார்கள். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, பாதிப் பணத்தை டெபாசிட் செய்து, ஒன்றரை வருடம் அலைந்தோம். அந்தக் கம்பிக் கணக்கை முதல் வாய்தாவிலேயே காட்டியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். வக்கீலின் லெட்டர்ஹெட்டில் வருவது வெறும் கடிதம். சம்மனில் கோர்ட்டின் பெயரும் முத்திரையும் வழக்கு எண்ணும் இருக்கும். அந்த எண்ணையோ எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சிஎன்ஆர் என்ற வழக்குக் குறியீட்டையோ இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வழக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நிஜ சம்மன் என்றால் அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். மக்கள் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பலர் நடுங்குவார்கள். வழக்குக்கு முன்னோடியாக நடக்கும் சாதாரண லோக் அதாலத்தில் இரண்டு பேரும் சம்மதிக்காமல் எந்த உத்தரவும் வராது. போனால் பேசித் தீர்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் "நிரந்தர மக்கள் நீதிமன்றம்" என்று இருந்தால் தவறாமல் போக வேண்டும். தொலைபேசி, மின்சாரம் போன்ற பொதுச் சேவைத் தகராறுகளில் சமரசம் வராவிட்டால் அது தீர்ப்பே சொல்லலாம். மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) நியமனம் என்று கடிதம் வந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. கம்பெனி தானாகவே ஒருவரை நியமித்திருந்தால், அதை ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

₹4,870க்காக டெல்லி ஆபீஸ் இங்கே வந்து வழக்கு நடத்துமா என்று கேட்டால், நடத்தாது என்றே நினைக்கிறேன். அவ்வளவு சின்னத் தொகைக்கு வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. ஆனால் இது என் கணிப்பு, உத்தரவாதம் இல்லை. இதைவிட நான் கவலைப்படுவது உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பற்றி. அடுத்த வருடம் வீட்டுக்கடன் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லா தொலைத்தொடர்பு நிறுவனமும் எல்லாப் பாக்கியையும் அங்கே பதிவதில்லை, சில பதிகின்றன. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். இந்தப் பாக்கி அதில் இருந்தால் ஆன்லைனிலேயே மறுப்புப் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. அது கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அவற்றுக்குத் தகவல் தரும் கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

ஒருவேளை ரிப்போர்ட்டில் பெயர் கெட்டிருந்து, கடன் அவசரம் என்பதால் ஒரு தொகை பேசி முடிக்கத் தீர்மானித்தால், அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் கட்டுவதற்கு முன்னால், இன்ன தொகையோடு கணக்கு முழுவதும் முடிகிறது, ரிப்போர்ட்டில் "செட்டில்டு" (குறைத்துப் பேசி முடித்தது) என்று போடாமல் "குளோஸ்டு" (கணக்கு முடிந்தது) என்று போடுவோம் என்று கம்பெனியின் மின்னஞ்சலிலிருந்து எழுதி வாங்குங்கள். பணம் கம்பெனியின் ஆப்பிலோ கணக்கிலோ மட்டும் போக வேண்டும். பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று வாங்காமல் விடாதீர்கள். பொள்ளாச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பயந்துபோய் கலெக்‌ஷன் ஏஜென்ட்டின் போன் நம்பருக்கே பணம் அனுப்பிவிட்டார். எட்டு மாதம் கழித்து அதே கணக்குக்கு வேறொரு ஏஜென்சியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டியதற்கு அவர் கையில் இருந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட், அதிலும் கம்பெனியின் பெயர் இல்லை.

இன்று மாலை மறுபடி போன் வந்தால் ஒரே வாக்கியம் போதும்: "எழுத்தில் பதில் அனுப்புகிறேன், அதற்கு எழுத்திலேயே பதில் சொல்லுங்கள்." தேதியும் நேரமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டுக்கு வருவேன், உறவுக்காரர்களுக்குச் சொல்வேன் என்று மிரட்டினால் பதிவு செய்துகொண்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். மாமியாரிடம் அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே இந்தப் பில்லைக் காட்டிச் சொல்லிவிடுங்கள் என்பது வக்கீலாக இல்லாமல் ஒரு அண்ணனாக நான் சொல்வது. அந்தப் பழைய எஸ்எம்எஸ் கிடைத்தால் கோரிக்கை எண்ணை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், கடிதத்தில் அதை எந்த வரியில் சேர்ப்பது என்று சொல்கிறேன்.